மைதானம் சுற்றிய ஓவர்கோட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சேட்டுக்கு அயர்ன் பிடிக்கத் தொடங்கினால் குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வரும்.

“என்ன, பொம்பிளை பாக்கவோ வெளிக்கிடுறியள்?”

“பந்தடி பாக்க.”

“அதுக்கு ஏன் சப்பாத்து மினுக்கிறியள்? பந்தோ உங்களைப் பாக்கப் போகுது?”

இதற்கு நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லிக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் சோறும் இரண்டு கறியும் சமைத்து இறக்கிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். ரொறன்ரோவில் எங்கெல்லாம் சின்னச் சின்ன உதைபந்தாட்ட மைதானங்கள் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் போய் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு வருவது. ரிக்கற் விற்கிற பெரிய இடங்களைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ரயில் பாதைக்குப் பக்கத்தில், உயர் மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கிற மைதானங்கள். வாரம் முழுக்கக் கூரை போட்டவனும் சீமெந்து குழைத்தவனும் அங்கே விளையாடுவார்கள். அவர்களுடைய மனைவிமாரும் நாலைந்து கிழவர்களும் ஒரு நாயும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இது எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நான் வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் பலபேரோடு இருந்தேன். மனைவியும் மகளும் அப்போது வந்துசேரவில்லை. பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. ஒரு ஞாயிறு காலை வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியவன் தூங்கிவிட்டேன். எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறினேன் என்பதே தெரியாது. கடைசித் தரிப்பில் சாரதி தட்டி எழுப்பி இறக்கிவிட்டார். எங்கே நிற்கிறேன் என்று விளங்காமல் நின்றபோது ஒரு விசில் சத்தம் கேட்டது. மத்தியஸ்தரின் விசில் எந்த நாட்டிலும் ஒரே விசில்தான். சத்தம் வந்த பக்கம் நடந்து போனேன். மரங்களுக்குப் பின்னால் ஒரு மைதானமும் பச்சைச் சட்டையும் மஞ்சள் சட்டையுமாக ஒரு ஆட்டமும் இருந்தன.

முடியும்வரை நின்று பார்த்தேன். ஒருவர்கூட என்னிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அகதிக் கேஸ் என்ன மாதிரி, எப்ப ஹியறிங், எந்த லோயர் என்று கேட்கவில்லை. கனடாவுக்கு வந்த பிறகு மனிதர்களுக்கு நடுவில் நின்றும் கேள்வி கேட்கப்படாத முதல் காலை அதுதான். அந்தச் சுகத்துக்காகவே அடுத்த ஞாயிறு வேறொரு மைதானம் தேடிப் போனேன்.

நாளடைவில் எல்லாம் பழகிவிட்டது. ஏரிக்கரை மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம்தான் வெல்லும். பெருந்தெருவோரத்து மைதானத்தில் பந்து வேலியைத் தாண்டினால், இரண்டு பக்கத்து ஆட்களும் சண்டையை மறந்து ஒன்றாகத் தேடப் போவார்கள். ஒரு மைதானம் சரிவு. அங்கே நாணயம் சுண்டுவதே மேட்டுப் பக்கத்துக்காகத்தான். விளையாடுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று சட்டையின் நிறத்தில் தெரியாது, அடுப்புப் புகையில் தெரியும். ஓரிடத்தில் முழு ஆடு சுடுவார்கள், ஓரிடத்தில் கோவா இலையை அவிப்பார்கள், ஓரிடத்தில் மஞ்சள் மாவுக்குள் இறைச்சி வைத்த பற்றீஸ் விற்பார்கள். எங்கள் ஆட்களுக்கும் பள்ளிக்கூடப் பழைய மாணவர் ஆட்டங்கள் இருந்தன. அங்கே நான் போவதில்லை. போனால் பந்து பார்க்க முடியாது, கல்யாணப் பேச்சுத்தான் கேட்கலாம்.

எனக்கென்று சில நியமங்கள் வைத்திருந்தேன். ஒரு மைதானத்துக்கு ஒருமுறைதான் போவது. எந்தப் பக்கமும் சேர்வதில்லை, கைதட்டினால் இரண்டு பக்கத்துக்கும் தட்டுவது, சத்தம் போடுவதில்லை. போனதும் முதலில் மைதானத்தை வலமாக ஒருமுறை சுற்றி வருவது. கோயிலுக்குப் போனால் வீதி சுற்றாமல் வந்தால் போன மாதிரியா இருக்கும்? அதே பழக்கம்தான். பக்தி என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாலு கோர்னர்க் கொடியடியிலும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால்தான் அந்த மைதானம் எனக்கு வசப்படும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக, ஒன்றும் பேசாமல் சுற்றுவேன்.

கடைசி நியமம், ஒழுங்காக உடுத்திக்கொண்டு போவது. பிறத்தியார் இடத்துக்குப் போகிறோம், கண்டபாட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் நான் மனைவிக்குச் சொன்ன காரணம். மடிப்புக் கலையாத காற்சட்டை, ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சேட், மினுக்கிய சப்பாத்து. குளிர் தொடங்கினால் ஓவர்கோட். அதைப் பழைய உடுப்புக் கடை ஒன்றில் எடுத்தேன். கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வரும், உள்ளே பட்டுத் துணி. வழக்காடுகிற யாரோ ஒரு அப்புக்காத்து செத்துப்போய் அவருடைய பெண்சாதி கொடுத்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். அதைப் போட்டால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

நான் சொல்லவந்த மைதானம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பூட்டிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் ரயில் பாதை. வேலியில் ஆள் புகக்கூடிய ஓட்டை. சிவப்புச் சட்டைக் குழுவின் சொந்த இடம் அது. தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா, போர்த்துக்கல் என்று எல்லா ஊர்க்காரரும் கலந்த குழு. வேலியோரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு ஒரு வயதான பெண்மணி கோப்பியும் பாணுக்குள் வைத்த சொசேஜும் விற்பார். எங்கள் வீட்டில் பிறகு அவருக்குக் கோப்பி அன்ரி என்று பெயராகிவிட்டது. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மே மாதம். மைதானத்தில் இன்னும் சேறு. நான் என் சுற்றில் தூரத்துக் கோர்னர்க் கொடியடிக்கு வந்த நேரம், சிவப்புச் சட்டைக்குக் கோர்னர் கிடைத்தது. அடிக்க வந்தவன் கட்டையாக, மெலிந்து இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கலாம். என்னை ஒருமுறை பார்த்தான். பந்தை வைத்தான். இடதுகாலால் அடித்தான். பந்து வெளியே போகிறது என்றுதான் நினைத்தேன். நடுவழியில் அதற்கு வேறு யோசனை வந்த மாதிரி உள்ளே வளைந்து, பந்துக்காப்பாளரின் தலைக்கு மேலால் போய், தூரத்துக் கம்பத்தடியில் இறங்கியது. கோல். எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்த உதையை இன்னொருமுறை பார்க்காவிட்டால் பொழுதுபோக்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒருமுறைதான் போவது என்ற நியமத்தை அந்த இடதுகாலுக்காக உடைத்தேன். செப்ரெம்பர் கடைசியில், ஓவர்கோட்டுக்கு ஏற்ற குளிர் வந்ததும், மறுபடி போனேன். வழக்கம்போலச் சுற்றினேன். அவன் கோர்னர் அடிக்க வந்தபோது சரியாக அந்தக் கொடியடியில் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால், அவன் வருவான் என்று பார்த்தே நடையை மெதுவாக்கினேன்.

அவன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். என் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு ஓவர்கோட்டை, பிறகு முகத்தை. பந்தை அப்படியே விட்டுவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனான். பையை எடுத்தான். வேலி ஓட்டைக்குள்ளால் புகுந்து ரயில் பாதைப் பக்கம் போய்விட்டான். நொண்டுகிறவன் அவ்வளவு வேகமாகப் போகமாட்டான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தசை பிடித்துவிட்டது, பாவம், என்று கவலைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். கால் சுகமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே போனேன். அவன் இல்லை. கோப்பி அன்ரியிடம் போய் ஒரு கோப்பி கேட்டேன். ஊற்றித் தந்தார், முகம் பார்க்கவில்லை.

“அந்த இடதுகால் ஆட்டக்காரர் வரவில்லையா?” என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“இனி வரமாட்டான்” என்றார் அவருடைய ஆங்கிலத்தில். “இன்னும் இரண்டு பேரும் வரவில்லை. பார், எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று. உன் வேலை முடிந்ததுதானே? போ.”

“என்ன வேலை?”

“இமிக்ரேஷன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் வரக்கூடாத சிரிப்பு. அவருடைய முகம் இறுகிப்போனது. நான் அவசரப்பட்டு, நானும் அகதியாக வந்தவன்தான், பேக்கரியில் வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார்.

“நல்ல உடுப்புப் போட்ட அகதி” என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, உவரையோ! உவரையோ ஒஃபிசர் எண்டவை!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்கு அப்போது ஆறு வயது. காரணம் விளங்காமலே அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன பிழை செய்தேன்? ஒழுங்காக உடுத்தது பிழையா, சத்தம் போடாமல் நின்றது பிழையா?

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “ஏனப்பா, அந்தப் பொடியன் இப்ப எங்க இருக்கும்?”

“எங்கையோ ஒளிச்சுக்கொண்டு இருக்கும்.”

“பாவம். எங்களுக்கும் போன வருசம்தானே கேஸ் முடிஞ்சது. மறந்துபோச்சே? கதவில ஆரும் தட்டினால் ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள். கடைசியில பாத்தா வக்கியூம் கிளீனர் விக்கிறவன்.”

மறக்கவில்லை. அவள் மகளின் வாயைப் பொத்திய கையைக்கூட மறக்கவில்லை. அதை நினைத்ததும் கோபம் இறங்கிப்போய் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பந்தை உதைப்பதைத் தவிர வேறொரு சந்தோஷமும் இல்லாத ஒருவனிடமிருந்து அதையும் நான் பறித்துவிட்டேன்.

“வாற ஞாயிறு எல்லாரும் போவம்” என்றாள் மனைவி.

“போய்?”

“போய்ச் சொல்லுவம்.”

“நான் சொன்னனான். நம்பேல்லை.”

“நீங்கள் சொன்னால் நம்பாயினம். உங்கட மூஞ்சை அப்பிடி. எந்த ஒஃபிசர் பெண்சாதி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ரோல்ஸும் கட்டிக்கொண்டு ஆளைப் பிடிக்கப் போறவன்?”

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. சனிக்கிழமை பின்னேரமே ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துவிட்டாள். வெளிக்கிடும்போது ஓவர்கோட்டால் சண்டை வந்தது. ஜக்கெற்றைப் போடுங்கோ என்றாள். நான் மாட்டேன் என்றேன். ஒரு குற்றமும் செய்யாதவன் ஏன் உடுப்பை மாற்றவேண்டும்? பிடித்தால் பிடித்ததுதான் என்பது என் குணம். அவள் வாய்க்குள் ஏதோ சொன்னாள். குடும்பத்துக்கே ஒன்று போதுமான ஞாயிற்றுக்கிழமைப் பாஸை வாங்கிக்கொண்டு மூவரும் பஸ், சப்வே, மறுபடி பஸ் என்று போனோம். ரோல்ஸ் வாசனைக்கு முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மைதானத்துக்குள் கால் வைத்ததும் சிவப்புச் சட்டைக்காரர் இருவர் வேலி ஓட்டைப் பக்கம் நகர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்று நான் சுற்றவில்லை. மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கோப்பி மேசைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

அவளுக்கு அப்போது ஆங்கிலம் மிகக் குறைவு. ரோல்ஸ் பெட்டியைத் திறந்து கோப்பி அன்ரியின் முன்னால் வைத்தாள். “ஈற், ஈற்” என்றாள். அவர் தொடவில்லை. “ஹி ரெஃப்யூஜி. மீ ரெஃப்யூஜி” என்றாள். அவர் அசையவில்லை. அப்போதுதான் அவள் நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். என் வலக்கையைப் பிடித்து இழுத்து, ஓவர்கோட்டின் கையையும் சேட்டின் கையையும் சேர்த்து முழங்கைவரை மேலே தள்ளினாள்.

பேக்கரியில் வேலை செய்கிறவனின் கை எப்படி இருக்கும் என்று பேக்கரிக்காரருக்குத்தான் தெரியும். பாண் தட்டை அவண் அடுப்புக்குள் தள்ளும்போதும் இழுக்கும்போதும் அதன் இரும்பு விளிம்பு படும். படுகிற இடத்தில் ஒரு கோடு விழும். பழைய கோடுகள் கறுத்திருக்கும், புதியவை சிவந்திருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எனக்கு ஏணி வரைந்த மாதிரிக் கோடுகள். ஜூலை வெயிலில் முழுக்கைச் சேட் போட்டது பிறத்தியார் இடத்துக்குக் கொடுக்கிற மரியாதைக்காக மட்டுமல்ல. வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கோடுகள் ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அதை மனைவிக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஒஃபிசருக்கு இப்பிடிக் கை இருக்குமோ? நீங்களே சொல்லுங்கோ அன்ரி” என்று தமிழிலேயே கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நிறுத்திய மாதிரி இருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. கோப்பி அன்ரி மேசையைச் சுற்றி வந்தார். என் கையைத் தன் இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சிவந்த கோட்டை விரலால் தொட்டுவிட்டு, “பேக்கரி” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு மைதானத்தைப் பார்த்துத் தன் பாஷையில் பெரிதாக ஏதோ கத்தினார். ஓடிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரர் நின்று சிரித்தார்கள். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

அவர் ஒரு ரோலைக் கடித்தார். உறைப்பில் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடேயே தெருவோரத்துப் போன் பெட்டிக்குப் போனார்.

இரண்டாவது பாதி ஆட்டத்தில் அந்த இடதுகால்காரன் வந்தான். கோப்பி அன்ரி வீட்டு பேஸ்மன்ட்டில்தான் வாடகைக்கு இருந்தானாம். காலில் வீட்டுச் செருப்பு. தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்று என்னையே பார்த்தான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். சிரித்தால் சதி என்று நினைப்பானோ, சிரிக்காவிட்டால் ஒஃபிசர் என்று நினைப்பானோ?

மகள் என் விரலைப் பிடித்து இழுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, “அப்பா, வை இஸ் ஹீ ஸ்கேர்ட் ஒஃப் யூ? யூ ஆர் ஸ்கேர்ட் ஒஃப் அம்மா!” என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். கிட்ட வந்தான். கை நீட்டினான். முதலில் கேட்ட கேள்வி, “ஏன் சுற்றுகிறாய்?” என்பதுதான்.

எங்கள் கோயில்களில் அப்படிச் சுற்றுவோம் என்று சொன்னேன். “நானும் வரட்டுமா?” என்றான். இருவரும் சுற்றினோம். அவனுடைய நாடு எங்களுடையதைப் போலச் சின்ன நாடு, எங்களைப் போலவே ஆளை ஆள் சுட்ட நாடு. அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டுவிட்டது. வெளியேறச் சொல்லி அறிவித்தலும் வந்துவிட்டது. மனிதாபிமான அடிப்படையில் இருக்க விடுங்கள் என்று லோயர் ஒரு மனுப் போட்டிருக்கிறார். அதற்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். போனால் அங்கேயே பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் போவதா விடுவதா என்று தத்தளித்துக்கொண்டிருந்தான்.

“பேஸ்மன்ட் ஜன்னலால் மனிதர் தெரியமாட்டார்கள், சப்பாத்து மட்டும்தான் தெரியும்” என்றான். “மினுக்கின சப்பாத்து எது போனாலும் நீதான் என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன்.”

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இன்டர்வியூ நாள் தையில் வந்தது. அதற்கு முதல் ஞாயிறு மதியம் அவன் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தான். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டான். போகவேண்டுமா என்று மறுபடி கேட்டான். போகத்தான் வேண்டும், போகாவிட்டால் வாழ்க்கை முழுக்கக் கட்டிலுக்குக் கீழேதான் என்று சொன்னேன். சொல்வது லேசாக இருந்தது. போகவேண்டியவன் அவன்தானே.

கொஞ்ச நேரம் கழித்து, அலுமாரிக் கொக்கியில் தொங்கிய என் ஓவர்கோட்டைக் காட்டினான்.

“அதைப் போட்டுக்கொண்டு நீ நடக்கும்போது ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு நாள் அப்படி நடந்து பார்க்கவேண்டும். தருவாயா?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி அதை எடுத்துவிட்டாள். அவனுக்குப் போட்டுப் பார்த்தாள். கை விரல்நுனிவரை வந்தது. உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். கறுப்பு நூல் முடிந்துபோயிருந்ததால் நீல நூல். பிறகு ஈரத்துணி போட்டு அயர்ன் பிடித்தாள். எனக்கு ஒரு சேட்டுக்கே அயர்ன் பிடித்துத் தராதவள். அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே தெரியாதவன்போலப் பார்த்தான்.

“முடிவு தெரியிறவரைக்கும் போன் எடுக்க மாட்டேன்” என்று போகும்போது சொன்னான். “நல்ல செய்தி என்றால் நானே கொண்டுவருவேன்.”

செய்தி வரவில்லை. தை போனது, மாசி போனது. கோப்பி அன்ரி வீட்டுக்குப் போன் எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை, வீட்டு விலாசமும் எனக்குத் தெரியாது. பனி கரைந்து தெருவில் பழைய குப்பை வெளியே வந்தது. போகச் சொன்னவன் நான். அவன் எங்கேயோ ஒரு தடுப்பு அறையில் இருப்பதாகவும், என் ஓவர்கோட் அங்கே ஒரு பையில் இலக்கம் ஒட்டிக் கிடப்பதாகவும் எனக்கு நினைப்பு ஓடும். பாண் தட்டை இழுக்கும்போது அந்த நினைப்பு வந்து இரண்டு புதிய கோடுகள் வாங்கினேன்.

“கோட்டுப் போனாப் போகட்டும். ஆள் நல்லா இருக்கட்டும்” என்பாள் மனைவி. எனக்கும் கவலை கோட்டைப் பற்றியல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

மே மாத முதல் ஆட்டத்துக்குத் தனியாகப் போனேன். அன்று அயர்ன் பிடிக்கவில்லை. சப்பாத்து மினுக்கவில்லை. பழைய ஜக்கெற்றோடு போனேன். மைதானத்தில் ஆட்டம் தொடங்கவில்லை, சிவப்புச் சட்டைக்காரர் சும்மா பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை. கோப்பி அன்ரியின் மேசைக்குப் போனேன். அவர் தாடையால் மைதானத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

தூரத்துக் கோலுக்குப் பின்னால் கறுப்பு ஓவர்கோட் போட்ட ஒரு ஆள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலமாக மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

கேஸ் முடிந்து, பேப்பர் கிடைத்து, ஒருவருக்கும் பயப்படத் தேவையில்லாத எனக்கு, அந்த உருவத்தைக் கண்டதும் கால் தானாக வேலி ஓட்டைப் பக்கம் திரும்பியது. பொடியனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

கொடியடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அவர் கிட்ட வந்தார். கை மடிப்பில் நீல நூல் தெரிந்தது.

“இருக்கச் சொல்லிவிட்டார்கள்” என்றான். “வியாழக்கிழமை கடிதம் வந்தது. சுற்றி முடித்துவிட்டுச் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.”

கோப்பி அன்ரி வீட்டில் போன் வெட்டப்பட்டிருந்ததாம். இவ்வளவுதான் காரணம். நான் அவனைத் திட்டினேன். தமிழில் திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே சிவப்புச் சட்டையும் அரைக் காற்சட்டையும் போட்டுத் தயாராக நின்றான். ஓவர்கோட்டை என் கையில் தந்துவிட்டு ஓடினான்.

இரண்டாவது பாதியில் சிவப்புக்குக் கோர்னர் கிடைத்தது. நான் அந்தக் கொடியடிக்குப் போய் நின்றேன். அவன் பந்தை வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இந்தமுறை பார்த்துக்கொண்டே இருந்தான். எந்தப் பக்கமும் சேராதவன், சத்தம் போடாதவன் என்று இத்தனை வருடம் இருந்த நான், “அடியடா ராசா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கோல் விழுந்ததோ என்று இரவு மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். அவன் காலைத் தூக்கும்வரைதான் எனக்குக் கண் தெரிந்தது. பிறகு ஓவர்கோட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.